ஐந்தாவது புத்தகம்

“இங்கே பாடுவது அங்கே எப்படிக் கேட்கும், குருவே?”

சிஷ்யை முதல் நாள் கேட்ட கேள்வி இது.

“தெரியாது,” என்றார் குரு. “நான் அங்கே போனதில்லை.”

‘அங்கே’ என்றால் கடல் தாண்டி ஒன்றும் இல்லை. பத்தடி தூரம்தான். இத்தாலியில் போ என்ற ஆற்றின் கரையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் ஒரு கன்னியர் மடம், மடத்தை ஒட்டி ஒரு கோயில். கோயிலின் நடுவே ஒரு சுவர். சுவரில் ஆளுயரத்துக்கு மேல் இரும்புக் கிராதி போட்ட சன்னல், சன்னலுக்குப் பின்னால் கறுப்புத் துணி. இந்தப் பக்கம் நின்று கன்னியர் பாடுவார்கள். அந்தப் பக்கம் ஊர் உட்கார்ந்து கேட்கும். முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. குரல் மட்டும் போகலாம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஏற்பாடு இது.

அந்தக் காலத்து இசைக்குப் பின்னால் வந்தவர்கள் பரோக் என்று பெயர் வைத்தார்கள். பாடியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. மணி அடித்தால் போய் நின்று பாடினார்கள், அவ்வளவுதான்.

குருவின் பெயர் சுல்பீசியா. ஏழு வயதில் மடத்துக்குள் வந்தவர். பெரிய வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், மற்றப் பெண்களுக்கு மடம் என்பது அன்றைய வழக்கம். வந்த கதவு அவருக்குப் பின்னால் சாத்தப்பட்டது. பிறகு அவருக்காகத் திறக்கவில்லை. பதினான்கு வயதில் பாட்டு எழுத ஆரம்பித்தார். முப்பத்தொரு வயதுக்குள் நாற்பது பாட்டு. அவற்றைக் கேட்க மிலானிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். திரும்பிப் போய், தேவதூதர்கள் பாடினார்கள் என்று கடிதம் எழுதுவார்கள். தேவதூதர்களுக்கு ஜலதோஷம் பிடிக்குமா என்று தெரியவில்லை. இவர்களுக்கு ஒவ்வொரு பனிக்காலமும் பிடித்தது.

சிஷ்யையின் பெயர் ஒர்தென்ஸியா. வயது நாற்பத்து மூன்று. ஆமாம், சிஷ்யைதான் மூத்தவள். இளையவரை ‘அவர்’ என்றும் மூத்தவளை ‘அவள்’ என்றும் எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. குரு குருதான், வேறு வழியில்லை.

ஒர்தென்ஸியாவுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்தது. கணவன் இருந்தான், லவீனியா என்று ஒரு மகள் இருந்தாள். கணவன் காய்ச்சலில் போனதும் அவனுடைய அண்ணன் வந்து குழந்தையைக் கூட்டிப்போனான். சட்டம் அவன் பக்கம். விதவைக்கு இரண்டு வழி சொன்னான்: மறுமணம், இல்லாவிட்டால் மடம். ஒர்தென்ஸியா மடத்துக்கு வந்தாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச காலத்தில் காரணமும் தெரிந்துவிட்டது. கடிதங்கள் குழந்தையின் கைக்கே போகவில்லை. ‘உன் அம்மா தானாகவே போனாள், உன்னை மறந்துவிட்டாள்’ என்று சொல்லி வளர்த்தார்கள்.

முதல் நான்கு வருஷம் அவள் மடத்தில் துணி துவைத்தாள். ஒரு நாள் கிணற்றடியில் அறுந்த கயிற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து குரு எட்டிப் பார்த்தார்.

“யாருடைய குரல் அது?”

“என்னுடையதுதான். மன்னியுங்கள்.”

“மறுபடி திட்டுங்கள்,” என்றார் குரு.

மடத்தில் ஆண்கள் கிடையாது. ஆனால் பாட்டில் நான்கு குரல் உண்டு. அடியில் போகிற கீழ்க்குரலை வெளியே ஆண்கள் பாடுவார்கள். உள்ளே அதற்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒர்தென்ஸியா துவைப்பதை விட்டுப் பாட வந்தது இப்படித்தான்.

குரல் நல்ல குரல். மூச்சுதான் போதாது. நீண்ட வரியின் நடுவில், சொல்லை இரண்டாக உடைத்து, ‘ஹ்’ என்று சத்தமாக மூச்சு இழுப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். குரு சிரிக்கவில்லை. ஒரு வாளி தண்ணீரைக் கையில் கொடுத்தார்.

“கிணற்றடியிலிருந்து சமையலறைக் கதவு வரை. ஒரே மூச்சில் அந்த வரி. தண்ணீர் சிந்தக் கூடாது.”

“எத்தனை நாள், குருவே?”

“சிந்தாமல் போய்ச் சேருகிற வரை.”

மூன்று வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் முற்றமெல்லாம் தண்ணீர். இரண்டாம் வருஷம் பாதி முற்றம். மூன்றாம் வருஷம், உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், கதவு வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தாள். சமையல்காரச் சகோதரி அந்த வாளியை வாங்கிச் சூப்பில் ஊற்றினாள். ஒர்தென்ஸியாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாடாத நேரத்தில் அவளுக்கு எழுத்து வேலை. குரு பாட்டை ஒரு மெழுகுப் பலகையில் எழுதுவார். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகத்தில் அதைப் பெயர்த்து எழுத வேண்டும். எழுதி முடிந்ததும் பலகை அழிக்கப்படும். பாடுகிறவளிடம் தன் குரலின் சுரங்கள் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் பாடும்போது எத்தனை தாளத் தட்டு சும்மா இருக்க வேண்டும் என்பதை நிறுத்தக் குறிகள் சொல்லும். அவற்றை எண்ணிக்கொண்டே நின்றால்தான் தன் முறை வரும்போது சரியான இடத்தில் நுழையலாம்.

நான்கு குரல், நான்கு புத்தகம். குரு ஐந்து கேட்பார்.

“ஐந்தாவது எதற்கு, குருவே?”

“எழுதுங்கள்.”

“அதில் சுரமே இல்லையே. முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தக் குறிதான்.”

“எண்ணிக்கை தப்பாமல் எழுதுங்கள்.”

எழுதினாள். ஒரு சுரமும் இல்லாத புத்தகத்தை மற்ற நான்கோடு சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்தாள். மடத்துத் தாயாருக்கு அதில் வருத்தம். வீணாகிற காகிதத்தில் பலகாரத்தையாவது மடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

குருவின் பாட்டுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. எங்காவது ஓரிடத்தில், ஒரு வரி முடிந்ததும், நான்கு குரலும் ஆர்கனும் சேர்ந்து நான்கு தட்டு நிற்கும். பிறகு தொடரும். பாடுகிறவர்கள் அதைச் ‘சுல்பீசியாவின் பள்ளம்’ என்று கேலி செய்வார்கள். கோயில் கூரையில் எதிரொலி நன்றாகக் கேட்கட்டும் என்று வைக்கிறார் போலும் என்று ஒர்தென்ஸியா நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஜூன் மாதம் ஆயர் இல்லத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கன்னியர் பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடுகிறதாம். சிலர் குரலை வைத்து ஆளைப் பேசுகிறார்களாம். ஆகவே இனி எவரும் தனியாகப் பாடக் கூடாது. பாடினால் எல்லாரும் சேர்ந்து. மீறினால் பாட்டே நிறுத்தப்படும். இது போக, உறவினரைப் பார்க்கும் அறையும் இன்று முதல் ஒரு வருஷத்துக்குப் பூட்டு. கடிதமும் கிடையாது.

ஆகஸ்டில் மெனிக்கா ஓடி வந்தாள். மடத்து வாசலில் சுவருக்குள் பதித்த ஒரு சுழல் பெட்டி உண்டு. வெளியே வைக்கும் சாமானைச் சுற்றி உள்ளே எடுப்பார்கள், ஆளை ஆள் பார்க்காமல். அந்தப் பெட்டிக்குக் காவல் மெனிக்கா. ஊரில் நடப்பது ஊருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

“ஒர்தென்ஸியாக்கா, உம் பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சாம்! மாவுக்காரன் சொல்லிட்டுப் போறான். மாப்பிள்ளை பலேர்மோவாம். கப்பல்ல போகணுமாமே அதுக்கு?”

ஒர்தென்ஸியா கையிலிருந்த பேனாவை வைத்தாள்.

“எப்போது போகிறாள்?”

“மாதா பொறந்தநாளுக்கு மறுநா. பொறந்தநா சாயங்காலம் மாமியார் வீட்டோட நம்ம கோயிலுக்குத்தான் வர்றாங்களாம், பாட்டுக் கேக்க. நீ இங்க இருக்கேன்னு தெரிஞ்சு வருதா, தெரியாம வருதான்னு அந்தப் படுபாவிக்குச் சொல்லத் தெரியல.”

பலேர்மோ கடல் தாண்டித் தீவில் இருக்கிற ஊர். போனவர்கள் திரும்புவதில்லை.

அன்று மாலை ஒர்தென்ஸியா குருவின் முன்னால் போய் நின்றாள்.

“ஒரே ஒரு வரி நான் தனியாகப் பாட வேண்டும்.”

“முடியாது.”

“அவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பாள்.”

“தெரியும்.”

“பன்னிரண்டு பேர் பாடுகிற இடத்தில் அடியில் கிடக்கிற என் குரலை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? நான் அவளை மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இந்த ஜென்மத்தில் வேறொன்றும் கேட்க மாட்டேன்.”

“தனியாகப் பாடினாலும் கண்டுபிடிப்பாளா?” என்று கேட்டார் குரு. “ஏழு வருஷம் ஆகிறது. குழந்தைக்குக் குரல் மறந்துபோகும். உங்களுக்கும் குரல் மாறிவிட்டது. நான்தான் மாற்றினேன்.”

ஒர்தென்ஸியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அவளைத் தூங்கவைக்க என்ன பாடுவீர்கள்?”

“அது ஒரு சாதாரணத் தாலாட்டு. எங்கள் வீட்டுச் சமையல்காரி பாடியது.”

“பாடுங்கள்.”

ஒர்தென்ஸியா பாடினாள். ஒரே மூச்சில், அழகாக.

“இப்படியா பாடுவீர்கள்?”

“இல்லை,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்போது எனக்கு மூச்சு ஏது? அவள் பெயரைச் சொல்கிற இடத்தில் பாதியில் நின்றுவிடும். ‘ஹ்’ என்று இழுப்பேன். நான் இழுத்து முடிப்பதற்குள் மிச்சமிருக்கிற மூன்று சுரத்தை அந்தக் கழுதையே பாடிவிடும். அரைத் தூக்கத்திலும் பாடும். பாடிவிட்டுச் சிரிக்கும். அம்மாவுக்கு மூச்சுப் பத்தவில்லை என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லும்.”

குரு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாளைக்கு வாருங்கள்,” என்றார்.

மறுநாள் பலகை நிறைந்திருந்தது. மாதா பிறந்தநாள் மாலைச் செபத்தில் பாட வேண்டிய ஒரு திருப்பாடல். கடைசி வரியில், பிள்ளைகளைப் பெற்றுக் களித்திருக்கும் ஒரு தாயைப் பற்றிப் பேச்சு வரும். லத்தீனில் தாய் என்ற சொல் ‘மாத்ரெம்’ என்று வருகிறது. அந்த ‘மா’வைக் குரு நீளமாக இழுத்திருந்தார். மேலே மூன்று குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. அடியில் போவது தாலாட்டு.

நாள் குறைவு. மேல்குரல்கள் மூன்றையும் குருவே பெயர்த்தார். கீழ்க்குரலை ஒர்தென்ஸியா எழுதினாள். எழுதிக்கொண்டே வந்தவள் ‘மா’வின் நடுவில் நின்றாள். ஒன்பது சுரம். பிறகு நான்கு தட்டு நிறுத்தம். தாலாட்டின் மிச்ச மூன்று சுரத்தைக் காணவில்லை. அதற்கப்புறம் ‘த்ரெம்’.

சொல்லின் நடுவில் நிறுத்தமா? குருவுக்குத் தூக்கம் இல்லை, பாவம், கை தவறிவிட்டது என்று நினைத்தாள். மூன்று வருஷம் வாளி தூக்கியவள் அல்லவா இவள்? நிறுத்தத்தை எடுத்துவிட்டாள். ஒன்பதாவது சுரத்தோடு ‘த்ரெம்’மை ஒட்டினாள். சொல் முழுசாயிற்று. பலகையின் மெழுகையும் தேய்த்துச் சமமாக்கிவிட்டாள்.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. கீழ்க்குரல்காரிகள் மூவரும் ‘த்ரெம்’ என்று ஓங்கிப் பாடினார்கள். மற்ற ஒன்பது பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

குரு தாளம் காட்டும் காகிதச் சுருளைத் தாழ்த்தினார்.

“மாற்றியது யார்?”

“நான்தான், குருவே. தப்பாக இருந்தது. திருத்தினேன்.”

“எது தப்பு?”

“தாய் என்ற சொல்லை நடுவில் உடைத்திருந்தீர்கள். உடைக்கக் கூடாது என்று சொல்லித்தானே முற்றம் முழுக்க என்னைத் தண்ணீர் தெளிக்க வைத்தீர்கள்?”

எல்லாரும் சிரித்தார்கள். குருவும் கொஞ்சம் சிரித்தார்.

“அந்த இடத்தில் நில்லுங்கள். நின்று மூச்சு இழுங்கள். பழையபடி.”

“பழையபடியா?”

“சத்தமாக.”

பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். “அந்த நான்கு தட்டும் நீங்கள் பதினொரு பேரும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். ஆர்கன் துருத்தியையும் நிறுத்திவிடுங்கள். யாராவது தும்மினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

கூடவே நின்ற மடத்துத் தாயாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சுல்பீசியா, உத்தரவு ஞாபகம் இருக்கிறதா? தனியாக ஒரு குரலும் கேட்கக் கூடாது.”

“இருக்கிறது, தாயாரே. பாடக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. மூச்சு விடக் கூடாது என்று எழுதியிருந்தால் சொல்லுங்கள், விடாமல் இருக்கிறோம்.”

தாயார் உள்ளே போய் உத்தரவை எடுத்து வரிவரியாகப் படித்தார். திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

ஆனால் மூன்று வருஷத்தில் அந்த மூச்சை ஒர்தென்ஸியா தொலைத்திருந்தாள். இழுத்தால் நல்ல மூச்சாக, சத்தமில்லாமல் வந்தது. தனியாக முற்றத்தில் நின்று பழகினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படிகளில் ஏறி இறங்கினாள். கெட்ட பழக்கத்தை விடுவது கஷ்டம் என்பார்கள். விட்ட பழக்கத்தைத் தேடிப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

“வரவில்லை, குருவே.”

“அன்றைக்கு வரும்.”

“வராவிட்டால்?”



செப்டம்பரில் மாதா பிறந்தநாள் வந்தது. மாலை வெயில் கோயிலின் மறுபக்கத்துச் சன்னல்களில் விழுந்து, கறுப்புத் துணியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஊர் வந்து நிறையும் சத்தம் கேட்டது. பெஞ்சுகள் நகர்ந்தன. பட்டுப் பாவாடைகள் உரசின. இருமல், செருமல், குழந்தை அழுகை. அதில் எந்தச் சத்தம் லவீனியா? ஒர்தென்ஸியா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயதுக் கால்களின் சத்தம்தான் அவளுக்குத் தெரியும். பதினாறு வயதுக் கால்கள் எப்படி நடக்கும் என்று தெரியாது. பெற்றவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம்.

குரு காகிதச் சுருளை உயர்த்தினார்.

திருப்பாடல் ஆரம்பமாயிற்று. மேல்குரல்கள் ஏறின. கூரையில் மோதித் திரும்பின. அடியில் தாலாட்டு போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்டிருக்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்து அஸ்திவாரத்தைப் பார்க்கிறவர் யார்?

கடைசி வரி வந்தது. ‘மா’ என்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து நீட்டினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. எல்லாம் நின்றது. துருத்தி நின்றது. பதினொரு பேர் மூச்சை அடக்கினார்கள்.

ஒர்தென்ஸியா மூச்சு இழுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ‘ஹ்’ என்று ஒரு சத்தம் தானாக வந்தது. கிராதி வழியாக, துணி வழியாக, அது போயிற்று.

அந்தப் பக்கம் ஒரு நொடி ஒன்றுமில்லை.

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் மூன்று சுரம் பாடியது.

ஒல்லியான, பழகாத குரல். கடைசிச் சுரம் கொஞ்சம் ஆடியது. ஆனால் சரியான சுரம், சரியான இடம். கோயில் முழுக்க அந்த ஒரு குரல்தான் இருந்தது.

நான்கு தட்டு முடிந்துவிட்டது. குருவின் கை இறங்கவில்லை. காகிதச் சுருள் காற்றில் அப்படியே நின்றது. ஆர்கன் வாசித்த சகோதரி திரும்பிப் பார்த்தாள். மூச்சு அடக்கியவர்களில் ஒருத்திக்கு முகம் கத்தரிக்காய் நிறம் ஆகிவிட்டது. அப்புறம்தான் கை இறங்கியது.

‘த்ரெம்’ என்று பன்னிரண்டு பேரும் பாடினார்கள். ஒர்தென்ஸியாவும் பாடினாள்.

மறுநாள் காலையில் மெனிக்கா மூச்சு வாங்க வந்தாள்.

“கோயில்ல பெரிய ரகளை! பொம்பள எந்திரிச்சுப் பாடிட்டான்னு உபதேசியார் குதிக்கிறாரு. மாமியார்க்காரி தொடையில கிள்ளிட்டாளாம். அந்தப் பொண்ணு எதுக்கும் அசையல. விடியக்காலம் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ஓடியாந்து என் பெட்டியைத் தட்டுச்சுக்கா.”

“என்ன சொன்னாள்?”

“பேசக் கூடாதுன்னு உத்தரவு இருக்குன்னு சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான்னுச்சு. அம்மாவுக்கு இன்னும் மூச்சுப் பத்தலையான்னு கேட்டுச்சு.”

ஒர்தென்ஸியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ என்ன சொன்னாய், மெனிக்கா?”

“பத்தல தாயி, நீ பாடுறதுக்காக விட்டு வச்சிருக்கான்னு சொன்னேன். கையை மட்டும் பெட்டிக்குள்ள நீட்டுச்சு. நான் பிடிச்சுக்கிட்டேன். உன் கை மாதிரியேதான் இருக்கு, விரலெல்லாம் நீளமா.”

மெனிக்காவின் கையை ஒர்தென்ஸியா வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மாவு வாசனைதான் வந்தது. அவளுக்கு அது போதும்.

மதியம் புத்தகங்களைக் கட்டி அலமாரியில் வைக்கப் போனாள். இந்தத் திருப்பாடலுக்கும் ஐந்து புத்தகம் இருந்தது. ஐந்தாவதைக் குருவே எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தாள். நிறுத்தம், நிறுத்தம், நிறுத்தம். கடைசிப் பக்கத்தில் மூன்று சுரம். பிறகு மறுபடி நிறுத்தம்.

அலமாரியைத் திறந்து மற்ற ஐந்தாவது புத்தகங்களையும் எடுத்தாள். நாற்பது இருந்தன. தன் கையால் எழுதியவை சில, தனக்கு முன்னால் யார் யாரோ எழுதியவை பல. எல்லாவற்றிலும் நிறுத்தம் மட்டுமே. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த புத்தகத்தில் குழந்தைக் கையெழுத்து. பதினான்கு வயதுக் கை. அதன் ஓரங்கள் புரட்டிப் புரட்டித் தேய்ந்திருந்தன.

எல்லாப் பாட்டிலும் வருகிற அந்தப் பள்ளம் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லாக் குரலும் நிற்கிற அந்த நான்கு தட்டு.

புத்தகத்தோடு குருவிடம் போனாள். குரு அடுத்த பாட்டுக்குப் பலகையை மெழுகிக்கொண்டிருந்தார்.

“லவீனியா பாடுவாள் என்று உங்களுக்குத் தெரியுமா, குருவே?”

“தெரியாது.”

“புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்களே?”

“அந்த இடத்தில் அவள் பாடுவாள் என்று நீங்கள் சொன்னீர்கள். எழுதினேன்.”

ஒர்தென்ஸியா பழைய புத்தகத்தை நீட்டினாள்.

“இது யாருக்காக எழுதியது?”

குரு அதைக் கையில் வாங்கவில்லை. பார்த்தார்.

“என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது என் அம்மா ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்றார்.”

“வந்தார்களா?”

“இங்கிருந்து பார்த்தால் தெரியாது.”

“மெனிக்காவைக் கேட்டிருக்கலாமே? அவளுக்குத் தெரியாத ஆள் உண்டா?”

“கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே, சகோதரி.”

ஒர்தென்ஸியா தனக்கு நேற்றுக் கிடைத்ததை நினைத்தாள். முதல் நாள் தான் கேட்ட கேள்வியையும் நினைத்தாள். பதினேழு வருஷமாகப் பத்தடி தூரத்தை நினைத்துப் பாட்டு எழுதியவர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“இனிமேல் அதை எழுத வேண்டாமே, குருவே,” என்றாள். “மனசு கஷ்டப்படுகிறது.”

குரு பலகையில் சுரம் எழுதும் ஐந்து கோடுகளை இழுத்து முடித்தார். கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு வெற்றுப் புத்தகத்தை எடுத்துச் சிஷ்யையின் பக்கம் நகர்த்தினார்.

“இந்த முறை ஐந்தாவதை முதலில் எழுதுங்கள், சகோதரி,” என்றார். “எண்ணிக்கை தப்பக் கூடாது. பாட வருகிறவர் இடம் தெரியாமல் நின்றுவிடக் கூடாது.”